சேவலா... பெட்டையா? சில்க்கி கோழியின் கொண்டை சொல்லும் ரகசியம்!

"சித்தி, கரியை யாருக்கும் குடுக்க வேணாம்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு என் போனுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ் இது. அனுப்பியது அக்கா மகள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். குரலில் பாதி அழுகை.

விஷயம் இதுதான். மதுரையில் அக்கா குடியிருப்பது மாடி வீடு, வாடகைக்கு. போன வருடம் கோடை விடுமுறையில் மகள் அடம்பிடித்தாள் என்று மூன்று சில்க்கி கோழிக்குஞ்சுகளை மாமா வாங்கிவந்தார். ஒரு மாதக் குஞ்சுகள். பஞ்சு உருண்டை போல இருந்ததற்குப் 'பஞ்சு', வெள்ளையாக இருந்ததற்கு 'மாவு', கறுப்பாக இருந்ததற்குக் 'கரி' என்று பெயர் வைத்தாயிற்று. "மூணுமே பெட்டைதான் சார், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கார அம்மா போட்டது ஒரே ஒரு கண்டிஷன். "பெட்டைன்னா மொட்டை மாடியில வச்சுக்கோங்க. சேவல் மட்டும் வேணாம். விடியக்காலைல கூவுனா கீழ் வீட்டுல இருக்குற பெரியவரு தூங்க முடியாது."

இரண்டரை மாதம் ஆனபோது கரியின் தலையில் கொண்டை எழுந்து நின்றது. பல் பல்லாக, நம் நாட்டுச்சேவலுக்கு இருப்பது போலவே. மற்ற இரண்டுக்கும் நெற்றியில் ஒரு சின்ன மேடு மட்டும்தான். பார்த்தவர்கள் எல்லோரும் "இது சேவல்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். தெருமுனையில் இருப்பவர் "நான் எடுத்துக்கிறேன்" என்று முன்வந்தார். எதற்கு எடுத்துக்கொள்கிறார் என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால், எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அது புரிந்துவிட்டது.

அதனால்தான் அந்த வாய்ஸ் மெசேஜ்.

"ரெண்டு வாரம் பொறுங்க. தினமும் மூணு தலையையும் ஒரே இடத்துல நின்னு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், கோழிக்கொண்டையைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பது உறைத்தது. தேட ஆரம்பித்தேன். ஒரு கோழியின் நெற்றியில் இருக்கும் அந்தச் சதைத்துண்டுக்குப் பின்னால் மரபியலின் தொடக்கக் கதையும், ஹார்மோன் அறிவியலின் தொடக்கக் கதையும் ஒளிந்திருக்கின்றன!

பூனை மாதிரி கோழி

சில்க்கியை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தொட்டால் இறகு போலவே இருக்காது. முயலையோ பூனைக்குட்டியையோ தடவுவது போல இருக்கும். சாதாரண இறகில் நுண்ணிய கொக்கிகள் இருக்கும். அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால்தான் இறகு தட்டையாக, தகடு போல நிற்கிறது. சில்க்கியின் இறகில் அந்தக் கொக்கிகள் ஒழுங்காக உருவாவதில்லை. அதனால் இழை இழையாகப் பிரிந்து பஞ்சாகிவிடுகிறது. பறக்கவும் முடியாது.

வெளியே வெள்ளையாக இருந்தாலும் உள்ளே தோல் கறுப்பு, எலும்பும் கறுப்பு. மற்ற கோழிகளுக்குக் காலில் நான்கு விரல் என்றால் இதற்கு ஐந்து. காது மடல் நீலப்பச்சை. தலையில் இறகுக் குஞ்சம். காலிலும் இறகு.

இதன் தாயகம் கிழக்கு ஆசியா, பெரும்பாலும் சீனா. 13-ம் நூற்றாண்டில் சீனா போய்வந்த மார்க்கோ போலோ, இறகுக்குப் பதிலாகப் பூனை மாதிரி முடி வளர்ந்த கோழிகளைப் பற்றித் தன் பயணக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் இருக்கும் தைஹே என்ற ஊர் இந்தக் கோழிக்குப் பேர்போனது. நல்ல சில்க்கிக்கு இருக்க வேண்டிய பத்து அடையாளங்கள் என்று அங்கே ஒரு பட்டியலே உண்டு. அதில் கொண்டையும் ஒன்று. முசுக்கொட்டைப் பழம், அதாவது மல்பெரி மாதிரி இருக்க வேண்டுமாம். 'கறுப்பு எலும்புக் கோழி' என்ற பெயரில் சீன நாட்டு மருத்துவத்திலும் இதற்குப் பல நூற்றாண்டுகளாக இடம் உண்டு. அமெரிக்கக் கோழி வளர்ப்பாளர்களின் அதிகாரபூர்வ இனப்பட்டியலில் 1874-லேயே சில்க்கி இடம்பிடித்துவிட்டது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியின் கருங்கோழியான கடக்நாத்துக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கலாம். கடக்நாத்தின் உடம்பு கறுப்பாவதற்கும், சில்க்கியின் உடம்பு கறுப்பாவதற்கும் காரணம் ஒரே மரபணு மாற்றம்தான். அந்த வகையில் இரண்டும் தூரத்துப் பங்காளிகள்!

ஏன் இத்தனை குழப்பம்?

நாட்டுக்கோழிக் குஞ்சு என்றால் இரண்டு மாதத்துக்குள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். கொண்டை சிவக்கும். கழுத்திலும் முதுகின் பின்பகுதியிலும் கூர்மையான, பளபளப்பான இறகு இறங்கும். வாலில் அரிவாள் போல வளைந்த இறகு வரும். சேவல் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

சில்க்கியிடம் இந்தக் கணக்கு எடுபடாது. இறகு எல்லாமே பஞ்சு என்பதால் கூர்மையான இறகு, வளைந்த இறகு என்ற வித்தியாசம் கண்ணில் படுவது ரொம்பத் தாமதம். கொண்டையோ படுத்த வாக்கில் இருக்கும் சின்ன மேடு; அதையும் தலைக்குஞ்சம் பாதி மறைத்துவிடும். தோலே கறுப்பு என்பதால் கொண்டை 'சிவக்கிறதா' என்று பார்க்கவும் வழியில்லை. தாடி வைத்த வகையாக இருந்தால், கழுத்துக்குக் கீழே தொங்கும் சதையும் அந்த இறகுத் தாடிக்குள் மறைந்துவிடும்.

அதனால் நான்கு, ஐந்து மாதம்வரை அனுபவசாலிகளே தடுமாறுகிறார்கள். "கூவினால் சேவல், முட்டையிட்டால் பெட்டை" என்பதுதான் பலருக்கும் கடைசி விடை. ஒரு மாதக் குஞ்சைக் கையில் தூக்கி "மூணுமே பெட்டை" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அது விற்பனைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வடிவம் முட்டைக்குள்ளேயே முடிவாகிவிடும்

இங்கேதான் நாங்கள் செய்த முதல் தப்பு தெரியவந்தது. கொண்டையைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, வடிவம். இன்னொன்று, வளர்ச்சி. வடிவத்தை முடிவு செய்வது மரபணு. அது முட்டைக்குள் கரு இருக்கும்போதே தீர்மானமாகிவிடும். ஆண், பெண் என்ற வேறுபாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கோழிகளில் நான்கு கொண்டைகள் பிரபலம். நாட்டுக்கோழியிடம் நாம் அதிகம் பார்க்கும், ரம்பம் போல நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கொண்டை. சேவல் வளர்ப்பவர்கள் கொண்டையைப் 'பூ' என்பார்கள். இந்த வகை அவர்களுக்குக் 'கத்திப்பூ'. அடுத்தது, தட்டையாக, மேலே சின்னச் சின்ன முண்டுகளோடு பின்பக்கம் கூராக முடியும் ரோஜாக் கொண்டை. மூன்றாவது, தாழ்வாக மூன்று வரிசையாக இருக்கும் பட்டாணிக் கொண்டை. அசீல் சண்டைச் சேவலுக்கு இருப்பது இதுதான். நான்காவது, மூளை போல, உடைத்த அக்ரூட் பருப்பு போல மடிப்பு மடிப்பாக இருக்கும் வால்நட் கொண்டை. சில்க்கிக்கு இருப்பது இந்த வால்நட் கொண்டை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் பேட்சன் என்ற விஞ்ஞானி, கோழிக்கொண்டைகளை வைத்து 1902-ல் ஒரு முக்கியமான விஷயத்தை நிரூபித்தார். பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்டுபிடித்த பாரம்பரிய விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதுதான் அது. 'ஜெனிட்டிக்ஸ்' என்ற சொல்லை 1905-ல் உருவாக்கியவரும் இவரே.

பேட்சனும் அவருடைய சகா புன்னெட்டும் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். ரோஜாக் கொண்டைக் கோழியையும் பட்டாணிக் கொண்டைக் கோழியையும் சேர்த்தால், பிறக்கும் குஞ்சுகளுக்கு அப்பா கொண்டையும் இல்லை, அம்மா கொண்டையும் இல்லை. எல்லாவற்றுக்கும் வால்நட் கொண்டை! அந்த வால்நட் குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள் இணைந்தபோது இன்னொரு வேடிக்கை. சராசரியாக 16 குஞ்சுகளில் ஒன்பதுக்கு வால்நட், மூன்றுக்கு ரோஜா, மூன்றுக்குப் பட்டாணி, ஒன்றுக்கு மட்டும் ஒற்றைக் கொண்டை.

இதன் பொருள் எளிது. கொண்டையைத் தீர்மானிப்பது இரண்டு தனித்தனி மரபணுக்கள். 'ரோஜா' மட்டும் இருந்தால் ரோஜாக் கொண்டை. 'பட்டாணி' மட்டும் இருந்தால் பட்டாணிக் கொண்டை. இரண்டும் இருந்தால் வால்நட். இரண்டுமே இல்லாவிட்டால் ஒற்றை. ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என ஜோடியாக வருகிறது. ஜோடியில் ஒன்று இருந்தாலே போதும், அந்தக் கொண்டை தலைகாட்டிவிடும்.

நூறு வருடம் கழித்து டி.என்.ஏ-விலேயே இதற்கான காரணம் பிடிபட்டது. பட்டாணிக் கொண்டைக்குக் காரணம், 1-வது குரோமோசோமில் உள்ள சாக்ஸ்5 என்ற மரபணுவுக்குள் ஒரு துண்டு மறுபடி மறுபடி நகல் எடுக்கப்பட்டிருப்பது. இது 2009-ல் தெரியவந்தது. ரோஜாக் கொண்டைக்குக் காரணம், 7-வது குரோமோசோமில் சுமார் 74 லட்சம் எழுத்துகள் நீளமுள்ள துண்டு அப்படியே தலைகீழாகத் திரும்பிக் கிடப்பது. இது 2012-ல் தெரியவந்தது. இரண்டு மாற்றங்களின் விளைவும் ஒரே மாதிரிதான். கருவில் கொண்டை முளைக்கும் இடத்தில், அங்கே வேலை செய்யக் கூடாத ஒரு மரபணு வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது.

ரோஜாக் கொண்டைக்கு ஒரு விலையும் உண்டு. அந்தத் தலைகீழ் துண்டு திரும்பிய இடத்தில் வேறொரு மரபணு உடைந்துபோகிறது. அதனால் ரோஜா மரபணு ஜோடியாக இருக்கும் சேவல்களுக்கு விந்தணுக்களின் வேகம் குறைகிறது. ரோஜாக் கொண்டை இனங்களில் ஒற்றைக் கொண்டைக் குஞ்சு அவ்வப்போது எட்டிப்பார்க்க இதுவும் ஒரு காரணம். ஒரு பிரதி மட்டும் உள்ள சேவலுக்கு அந்தக் குறை இல்லை; அதன் வாரிசுகள் அதிகமாகின்றன. அதோடு சேர்ந்து ஒற்றைக் கொண்டையும் மறைவாகவே தொடர்ந்துவருகிறது.

இப்போது கரிக்கு வருவோம். கரியின் தலையில் நின்றது ஒற்றைக் கொண்டை. வால்நட் கொண்டை உள்ள இரண்டு சில்க்கிகள் ஒற்றைக் கொண்டையை மறைத்துவைத்திருந்தால், 16-ல் ஒன்று இப்படிப் பிறக்கலாம். முன் தலைமுறையில் எங்கோ நாட்டுக்கோழி கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. எதுவானாலும் அது 'இனம்' பற்றிய சேதி. கண்காட்சிக்கு அனுப்பினால் மார்க் குறையும், அவ்வளவுதான். 'சேவல்' என்பதற்கு அது சாட்சியே இல்லை!

அளவைச் சொல்வது ஹார்மோன்

அப்படியானால் சேவல் என்பதற்குச் சாட்சி எது? வளர்ச்சி.

1848-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்த்தோல்டு என்ற பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். விதைகள் முழுமையாக நீக்கப்பட்ட சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை. கூவவில்லை, சண்டைக்கும் போகவில்லை. ஆனால், நீக்கிய விதையைத் திரும்ப வயிற்றுக்குள் வேறொரு இடத்தில் வைத்த சேவல்கள் வழக்கம்போல வளர்ந்தன. கொண்டை சிவந்தது, கூவின, பெட்டையைத் துரத்தின. விதையின் பழைய நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் இது நடந்தது. ஆகவே, ரத்தத்தின் வழியாக ஏதோ ஒன்று போய்க் கொண்டையை வளர்க்கிறது என்று 1849-ல் எழுதினார். 'ஹார்மோன்' என்ற வார்த்தையே பிறக்காத காலம் அது.

அந்த 'ஏதோ ஒன்று'தான் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்கள். 1920-களின் பிற்பகுதியில் சிகாகோ விஞ்ஞானிகள் இந்த ஹார்மோன்களை அளக்கக் கையில் எடுத்த கருவியும் கொண்டைதான். காயடித்த சேவலுக்கு ஊசி போடுவார்கள். கொண்டை எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்தது என்று பார்ப்பார்கள். 1931-ல் ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டெனான்ட் சுமார் 15,000 லிட்டர் சிறுநீரிலிருந்து வெறும் 15 மில்லிகிராம் அளவுக்கு ஓர் ஆண் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். 1939-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். இன்று மனிதர்களுக்கு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பார்க்கிறோமே, அந்தப் பயணத்தின் ஆரம்பத்தில் ஒரு சேவலின் கொண்டை இருக்கிறது.

ஆக, சூத்திரம் இதுதான்: வடிவம் மரபணுவின் வேலை, வளர்ச்சி ஹார்மோனின் வேலை. ஒற்றைக் கொண்டை பெட்டைக்கும் வரும், சேவலுக்கும் வரும். ஆனால், வாரத்துக்கு வாரம் தடித்து, அகலமாகி, பளபளப்பாக மாறுவது சேவலுக்குத்தான்.

போட்டோ சொன்ன உண்மை

மூன்று தலைகளின் படங்களும் தினமும் வந்தன. மொட்டை மாடியில் அதே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அதே வெளிச்சத்தில் அக்கா மகள் எடுத்தாள். அளவு தெரிய வேண்டும் என்று பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையும் பிடித்துக்கொண்டாள். அது அவளுடைய யோசனை.

இரண்டு வாரப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது மூன்று பேருமே வாயடைத்துப்போனோம். கரியின் கொண்டை நிமிர்ந்து நின்றதே தவிர, ஒரு துளியும் வளரவில்லை. மெல்லிசாக, தாள் மாதிரி அப்படியே இருந்தது. மாவுக்கு நெற்றியில் கோடு போட்டது போல ஒரு மேடு, அதிலும் மாற்றமில்லை. ஆனால் பஞ்சு? முதல் நாள் ஒரு மிளகு அளவில் இருந்த மேடு, பதினைந்தாம் நாள் கொண்டைக்கடலை அளவுக்கு உருண்டிருந்தது. அலகுக்கு மேலே அகலமாகப் பரவி, நடுவில் குறுக்காக ஒரு பள்ளமும் விழுந்திருந்தது.

யாருமே சந்தேகப்படாத பஞ்சுதான் சேவல்!

தெருமுனைக்காரரிடம் "கரி எங்ககிட்டயே இருக்கட்டும்" என்று மாமா சொல்லிவிட்டார். ஐந்தாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பஞ்சு முதன்முறையாகக் கூவியது. கரகரத்த, பாதியில் உடைந்த கூவல். ஏழாவது மாதம் கரி முதல் முட்டையை இட்டது. அந்த முட்டையை யாரும் பொரிக்கக் கூடாது என்று இரண்டு நாள் சட்டம் அமலில் இருந்தது.

நீங்களும் சில்க்கி வளர்க்கிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்

* ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே வயதுக் குஞ்சுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, வாரம் ஒரு படம் எடுங்கள். வித்தியாசம் பொதுவாக இரண்டு, மூன்று மாத வயதில் தெரிய ஆரம்பிக்கும். சிலவற்றுக்கு இன்னும் தாமதமாகலாம்.

* கொண்டையின் அகலத்தையும் தடிமனையும் பாருங்கள். பெட்டைக்குச் சின்னதாக, தட்டையாக இருக்கும். முட்டையிடும் பருவம் நெருங்கும்போது பெட்டைக்கும் கொஞ்சம் பெரிதாகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

* தலைக்குஞ்சத்தையும் பாருங்கள். பெட்டைக்குப் பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். சேவலுக்குப் பின்பக்கம் வாரிவிட்டது போல நீளும். இடையிடையே ஒல்லியான இழைகள் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

* அவசரமாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், இறகை வைத்து டி.என்.ஏ பரிசோதனை செய்யும் வசதி இருக்கிறது. வயதே பிரச்னையில்லை.

* கொண்டை உடல்நலத்தையும் சொல்லும். மற்ற கோழிகளுக்கு 'கொண்டை வெளிறியிருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா' என்று நிறத்தைப் பார்ப்போம். சில்க்கிக்கு இயல்பிலேயே கறுஞ்சிவப்பு என்பதால், வீக்கம், சுருக்கம், பொருக்கு ஆகியவற்றைப் பாருங்கள். கொசுக்களால் பரவும் கோழி அம்மை, கொண்டையில் கொப்புளமும் பொருக்குமாகத்தான் வெளிப்படும். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அம்மைக்கும் கோழிக்கழிச்சலுக்கும் தடுப்பூசி உண்டு.

* தலையைப் பாதுகாப்பது முக்கியம். குஞ்சம் உள்ள இனம் என்பதால் சில சில்க்கிகளுக்கு மண்டையோட்டின் உச்சி புடைத்து, எலும்பு முழுமையாக மூடாமல் இருக்கும். மற்ற கோழிகள் அங்கே கொத்தினால் உயிருக்கே ஆபத்து. முரட்டுக் கோழிகளோடு ஒரே கூண்டில் அடைக்க வேண்டாம்.

பஞ்சு ஊருக்குப் போனது

கூவ ஆரம்பித்த பிறகு பஞ்சு மாடி வீட்டில் இருக்க முடியாது. வீட்டுக்கார அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் முக்கியம். மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் அம்மா வீட்டுக்கு அதைக் கொண்டுபோனோம். வழியெல்லாம் பிள்ளை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். "அம்மாச்சி, இதைக் குழம்பு வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று வாசலிலேயே கேட்டுவிட்டாள். அம்மா சிரிக்காமல் சத்தியம் செய்தார். முரட்டுக் கோழிகள் பக்கம் போகாதபடி தனிக் கூண்டும் தயாரானது. துணைக்கு ஒரு சாதுவான பெட்டை மட்டும்.

அந்தப் பெட்டை மஞ்சள் கால், ஒற்றைக் கொண்டை, சுத்தமான நாட்டுக்கோழி. அம்மா பழைய சேவலை முன்னமே விற்றிருந்தார். பெட்டையின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு, மூன்று வாரம்வரை தங்கும் என்பதால், ஒரு மாதம் கழித்து இட்ட முட்டைகளை மட்டும் அடைக்கு வைக்கச் சொன்னேன். பத்து முட்டை. இருபத்தோராம் நாள் ஏழு குஞ்சுகள்.

முட்டை பொரிவதற்கு முன்பே நானும் அக்கா மகளும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதியிருந்தோம். பஞ்சு இறகு வர, அப்பா அம்மா இருவரும் அந்த மரபணுவைத் தர வேண்டும். இங்கே அப்பா மட்டும்தான் தருகிறார். அதனால் ஒரு குஞ்சுக்கும் பஞ்சு இறகு வராது. ஐந்து விரலுக்கு ஒரு பிரதி போதும். பெரும்பாலான குஞ்சுகளுக்கு வர வேண்டும். கொண்டையில் பஞ்சுவின் ரகசியம் வெளிப்படும்.

இப்போது குஞ்சுகளுக்கு இரண்டு மாதம். ஏழுக்கும் சாதாரண இறகு. ஆறுக்கு இரண்டு காலிலும் ஐந்து விரல். ஒன்றுக்கு மட்டும் ஒரு காலில் ஐந்து, இன்னொன்றில் நான்கு. கொண்டையில் நான்குக்கு வால்நட், மூன்றுக்குப் பட்டாணி. ரோஜாவும் இல்லை, ஒற்றையும் இல்லை. அப்படியென்றால் பட்டாணி மரபணுவை எல்லாக் குஞ்சுகளுக்கும் பஞ்சு கொடுத்திருக்கிறது; அது அதனிடம் ஜோடியாக இருக்க வேண்டும். ரோஜா மரபணுவைச் சிலதுக்குத்தான் கொடுத்திருக்கிறது. அதில் ஒரு பிரதிதான் இருக்கிறது. பார்ப்பதற்கு அசல் வால்நட் கொண்டையோடு திரிந்த பஞ்சு, பாதி ரகசியத்தை உள்ளே வைத்திருந்திருக்கிறது.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. சில்க்கியின் கறுப்புத் தோல் எப்படிக் கடத்தப்படுகிறது என்பதை 1911-ல் பேட்சனும் புன்னெட்டும் எழுதியிருக்கிறார்கள். கறுப்பைத் தடுக்கும் ஒரு மரபணு, பால் குரோமோசோமில் இருக்கிறது. வெளிர் கால் உள்ள நாட்டுப்பெட்டை அதைத் தன் மகன்களுக்கு மட்டுமே தர முடியும். மகள்களுக்கு அந்தக் குரோமோசோம் அப்பாவிடமிருந்துதான் வருகிறது. ஆகவே சில்க்கிச் சேவலுக்கும் வெளிர் கால் பெட்டைக்கும் பிறந்த குஞ்சுகளில், தோல் கறுத்தவை பெட்டை, வெளுத்தவை சேவல்.

ஏழில் மூன்று கறுப்பு. நோட்டில் அவற்றுக்கு நேராக 'பெட்டை' என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறாள் எங்கள் வீட்டு விஞ்ஞானி. பேனாவால் எழுத இன்னும் ஒரு மாதம் ஆகும். அதுவரை ஞாயிறுதோறும் ஒரு ரூபாய் நாணயத்தோடு ஏழு தலைகளின் படம் ஊரிலிருந்து வந்துகொண்டிருக்கும். எடுப்பது அம்மா.

"இதுல எதையும் விக்க மாட்டேன்டி, அதுக்கும் சத்தியம் வேணுமா?" என்று போன வாரம் போனில் கேட்டார் அம்மா.

"வேணும்" என்றாள் பிள்ளை.